பெயர் எழுதிய எலும்புகள்

உயிரோடு இருக்கையில் குழந்தைகூடச் சொல்லிவிடும்: வால் நிமிர்ந்திருந்தால் வெள்ளாடு, தொங்கினால் செம்மறி. அகழாய்வுக் குழியில் கிடைப்பதோ, ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன் யாரோ உறிஞ்சி எறிந்த நல்லி எலும்பின் துண்டு. அதில் ஏது வால்?

இரண்டின் எலும்புகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 1964-ல் ஜெர்மானிய ஆய்வாளர் பெஸ்நெக் இரு தோழர்களுடன் சேர்ந்து அவற்றுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளைத் தொகுத்து வெளியிட்டார். இன்ன விலங்கு என்று முன்பே தெரிந்த எலும்புகளை அருகருகே வைத்துப் பார்த்ததால் முடிந்த வேலை அது.

அத்தகைய எலும்புகளின் சேமிப்புக்கு ஒப்பீட்டுத் தொகுப்பு என்று பெயர். கண்காட்சிகளில் கம்பி கோத்து நிறுத்திய எலும்புக்கூடு இங்கே அவ்வளவாக உதவாது. மூட்டின் பரப்பைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டுமே! செத்த விலங்கின் சதையை வெதுவெதுப்பான நீரில் அழுகவிட்டோ, வண்டுகளைத் தின்னவிட்டோ நீக்குகிறார்கள். (நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.) பிறகு இனம், பால், வயது எல்லாவற்றையும் எழுதிப் பெட்டியில் இடுகிறார்கள். வயது முக்கியம். நீள எலும்புகளின் முனைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் தண்டோடு ஒட்டிக்கொள்கின்றன. அதை வைத்து, ஓர் ஊரார் மாட்டை இளசிலேயே கறிக்கு வெட்டினார்களா, கிழடாகும்வரை உழவுக்கும் பாலுக்கும் வைத்திருந்தார்களா என்று கணிக்கலாம். கீழடியின் எலும்புத் துண்டுகள் புனேயின் டெக்கான் கல்லூரிக்குப் போய், மாடு, எருமை, ஆடு, மயில் என்று பெயர் பெற்றதும் இப்படித்தான்.

தொகுப்பு போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சுர்கோட்டடா சாட்சி. குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள இந்த ஹரப்பா நாகரிக ஊரில் கிடைத்த பற்களையும் விரலெலும்புகளையும் ஆராய்ந்த ஹங்கேரிய அறிஞர் சாண்டோர் போகோனி, சில குதிரையுடையவை என்றார். எலும்பு ஆய்வாளர்கள் ரிச்சர்ட் மெடோவும் அஜிதா படேலும் 1997-ல் மறுத்தார்கள்: காட்டுக்கழுதையாகவும் இருக்கலாமே? ஹரப்பா மக்களிடம் குதிரை இருந்ததா என்ற பெரும் வழக்கில் சுர்கோட்டடா இன்றுவரை இழுபடுகிறது. அரசியல் பேசுவோர் இரு பக்கமும் உரக்கப் பேசுகிறார்கள். எலும்பைத் தொட்டவர்கள் கொஞ்சம் மெதுவாகத்தான் பேசுகிறார்கள்.

டிஎன்ஏ தீர்த்துவைக்காதா? நம் வெப்பத்தில் பழைய டிஎன்ஏ எளிதில் சிதைந்துவிடும். ஆக, மீண்டும் வடிவத்துக்கும் அளவுக்கும்தான் வர வேண்டும். ஒரே ஒரு காட்டுக்கழுதையின் எலும்பு போதாது. ஆண், பெண், குட்டி, கிழடு என்று பல வேண்டும். ஓர் இனத்துக்குள்ளேயே அளவு எவ்வளவு மாறும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

கட்ச்சின் சிறிய ரண் பகுதியில் காட்டுக்கழுதை இன்றும் மேய்கிறது. ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது செத்தாலும் அரசின் சொத்து. வேட்டையைத் தடுக்க அந்தச் சட்டம் வேண்டியதுதான். எலும்பு வேண்டுவோர் வனத்துறையிடம் அனுமதி கேட்டு, தானாகச் செத்தவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும்.