காருக்கும் மூச்சு முட்டும்!

ஜலதோஷம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சுக்குக் கஷாயம், ஆவி பிடித்தல், ஆபீஸுக்கு லீவ் லெட்டர் என்று வீட்டையே இரண்டு பண்ணிவிடுகிறோம். ஆனால், மாதத் தவணை கட்டி வாங்கிய கார், வருஷக்கணக்கில் மூக்கடைத்துக்கொண்டு ஓடுகிறதே... அதற்கு ஒரு பொட்டு தைலமாவது தடவியிருப்போமா?

காரின் மூக்கு என்றதும் முன்னால் இருக்கும் கம்பெனிச் சின்னத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பளபளவென்று துடைத்துவிடுகிறோமே! பானெட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜின் மேலேயோ பக்கத்திலேயோ பெரிய சைஸ் டிபன் பாக்ஸ் மாதிரி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு தடித்த ரப்பர் குழாய் இன்ஜினுக்குப் போகும். அந்தப் பெட்டிக்குள்ளே, பட்டுப்புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம். அதுதான் ஏர் ஃபில்டர்!

'சாதாரணக் காகிதம்தானே' என்று நினைக்கிறீர்களா? ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. வீட்டுக்கு வருகிறதே 20 லிட்டர் தண்ணீர் கேன்... அதில் 450 கேன்! தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போய் வருவதற்குள் லாரிப் புகை, ரோட்டுப் புழுதி, மெட்ரோ ரயில் வேலை மண் எல்லாம் கலந்த இத்தனை காற்றையும் அந்த மடிப்புக் காகிதம் சலித்துக் கொடுக்கிறது. சம்பள உயர்வு கேட்காத ஒரே ஊழியர்!

''அப்ப ஃபில்டர் மாத்தினா மைலேஜ் எகிறிடுமா?'' என்று கேட்டார் பக்கத்து சீட் நண்பர். பெட்ரோல் பில்லைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆசாமி.

எகிறாது சார். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும் என்பது உண்மை. இன்றைய கார்களில் உள்ளே போகிற காற்றைப் பார்த்து, அதற்குத் தகுந்த பெட்ரோலைக் கம்ப்யூட்டரே அளந்து ஊற்றுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. புதிய ரக பெட்ரோல் கார்களில் ஃபில்டர் அடைத்தாலும் மைலேஜில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆனால், 'பிக்கப்' அடிவாங்குகிறது என்று கண்டார்கள். மேம்பாலத்தில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தும் வண்டி அலுத்துக்கொள்கிறதா? இந்த மூக்கையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

''மைலேஜ் ஏறாதுன்னா எதுக்குய்யா மெனக்கெடணும்?'' என்று நண்பர் விடவில்லை. அதற்குப் பதில், என் காருக்கு நடந்த கதையில் இருக்கிறது.

ஒரு சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். (பெயர் வேண்டாமே!) ஏர் ஃபில்டர் மாற்றினோம் என்று பில்லில் ஃபில்டருக்கு ஒரு தொகை, அதை மாட்டியதற்கு ஒரு தொகை. சரி என்று கட்டிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் கழித்து, ஹாரன் சரியில்லை என்று எங்கள் ஏரியா மெக்கானிக் பாயிடம் போனேன். பானெட்டைத் தூக்கியவர் ஹாரனை விட்டுவிட்டு, அந்தக் கறுப்புப் பெட்டியையே முறைத்தார்.

''யார் சார் இதை மாட்டினது?''

பெட்டியின் பின்பக்கத்துக் கிளிப் ஒன்று போடாமலே தொங்கிக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றினார். ஃபில்டர் புதுசுதான். ஆனால், அதன் ரப்பர் விளிம்பு ஒரு மூலையில் பள்ளத்தில் உட்காராமல் மடங்கிக் கிடந்தது. ஃபில்டரைத் தாண்டி, சுத்தமாக இருக்க வேண்டிய பக்கத்தில், விபூதிப் பட்டை மாதிரி ஒரு புழுதிக் கோடு!

''டீயை வடிகட்டுறேன்னு வடிகட்டிக்கு வெளியில ஊத்தின மாதிரி இருக்கு சார். பழைய ஃபில்டரே ஒழுங்கா உட்கார்ந்திருந்தா இதைவிட நல்லா வேலை செஞ்சிருக்கும்'' என்றார் பாய்.

நூற்றுக்கு நூறு உண்மை. காகித ஃபில்டரில் கொஞ்சம் தூசி படிந்தால், அந்தத் தூசியே இன்னும் பொடித் தூசியைத் தடுக்கும். ஆனால், பெட்டியில் சந்து இருந்தால் காற்று சிரமமில்லாத வழியில்தானே போகும்? உள்ளே நுழைந்த மண் இன்ஜின் ஆயிலோடு சேர்ந்து உப்புக்காகிதம் மாதிரி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் தேய்க்கும். அப்புறம் ஆயில் குறையும், புகை வரும், இன்ஜினைப் பிரிக்க வேண்டும். சில நூறு ரூபாய் சமாசாரம் பல ஆயிரத்தில் போய் நிற்கும்.

சர்வீஸ் சென்டரில் போய்க் கேட்டேன். டை கட்டிய தம்பி சிரித்த முகத்தோடு, ''நெக்ஸ்ட் சர்வீஸ்ல பார்த்துடலாம் சார்'' என்றார். நெக்ஸ்ட் சர்வீஸ் வரை இன்ஜின் மண் தின்ன வேண்டுமாம்! அன்று முதல் இந்த வேலையை நானே செய்கிறேன். பத்து நிமிஷம்கூட ஆகாது. நீங்களும் செய்யலாம்.

கழற்றும் படலம்

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, சாவியை எடுத்துவிடுங்கள். தேவைப்படுவது ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சில கார்களுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர், ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. புது ஃபில்டர் வாங்கும்போது வண்டியின் மாடல், வருஷம், பெட்ரோலா டீசலா என்பதைச் சொல்லி வாங்குங்கள். ஏசிக்கென்று தனியாக ஒரு ஃபில்டர் உண்டு. அது பெரும்பாலும் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். அதைக் கொடுத்தனுப்பிவிடப் போகிறார்கள், ஜாக்கிரதை!

முதலில் பெட்டியின் மேலே இருக்கிற புழுதியைத் துடையுங்கள். துடைக்காமல் திறந்தால் அத்தனையும் உள்ளேதான் விழும். மூடியில் சென்சார் ஒயர் இருந்தால், அதன் பூட்டை அமுக்கி மெதுவாக உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. பிறகு கிளிப்புகள். சில மாடல்களில் ஸ்க்ரூ. எத்தனை என்று எண்ணி, ஒரு கிண்ணத்தில் போட்டுவையுங்கள். பெரும்பாலான கார்களில் ரப்பர் குழாயைக் கழற்றவே வேண்டாம். மூடியைக் கொஞ்சம் தூக்கினாலே கை நுழையும்.

பழைய ஃபில்டரை எடுப்பதற்கு முன், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சாய்க்காமல், தட்டாமல் தூக்குங்கள். இன்ஜினுக்குப் போகிற வாயைக் காய்ந்த துணியால் மூடிவிட்டு, பெட்டியின் அடிப்பாகத்தை ஈரத்துணியால் துடையுங்கள். உள்ளே காய்ந்த இலை, செத்த பூச்சி... அதிர்ஷ்டம் இருந்தால் எலி குடித்தனம் நடத்திய அடையாளம்கூடக் கிடைக்கும்!

மாட்டும் படலம்

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மூடியிருந்த துணியை ஞாபகமாக எடுங்கள். புது ஃபில்டரின் ரப்பர் விளிம்பு பள்ளத்தில் நாலு பக்கமும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். மூடியின் ஒரு பக்கத்தில் நாக்கு மாதிரி நீட்டல்கள் இருந்தால், முதலில் அவற்றைக் கீழ்ப்பெட்டியின் துளைகளில் சொருகுங்கள். அதைச் செய்யாமல் முன்பக்கக் கிளிப்பை மட்டும் போட்டால், பார்க்க மூடின மாதிரி இருக்கும். பின்னால் வாய் பிளந்திருக்கும்.

கிளிப் லேசாக 'டக்'கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ஃபில்டர் எங்கேயோ தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூ என்றால் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிளாஸ்டிக் மரை... அளவுக்கு மீறி முறுக்கினால் 'அம்போ'! கடைசியாக சென்சார் ஒயர், ரப்பர் குழாயின் கிளாம்ப் இரண்டையும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். குழாய் நழுவியிருந்தால், அளக்காத காற்று உள்ளே போய், வண்டி நின்ற இடத்தில் நடுங்கும்.

இப்போது ஸ்டார்ட் செய்யலாம். 'உஸ்'ஸென்று சத்தம் இல்லை, மீட்டரில் இன்ஜின் விளக்கு எரியவில்லை என்றால் பாஸ்!

இதையும் கேளுங்க...

காகித ஃபில்டரைத் தண்ணீரில் அலசக் கூடாது. பெட்ரோல் பங்க்கில் காற்று பிடித்து ஓங்கி அடித்தால் காகிதம் கிழியும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போதும், புழுதிக்குக் கொண்டாட்டம்தான். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். புழுதி ரோடு என்றால் அதற்கு முன்பே மாற்றச் சொல்லி அதே பக்கத்தில் எழுதியிருப்பார்கள். நாம்தான் அந்தப் புத்தகத்தைப் பிரிப்பதே இல்லையே!

இன்னொன்று, மழைக்காலச் சமாசாரம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் மூழ்கி நின்றன. அப்படி நின்ற வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் ஆசையாக ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். முதலில் இந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் சாவியைத் தொடாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. பிஸ்டன் நசுக்கப் பார்த்தால் கனெக்டிங் ராடுதான் வளையும்.

அடுத்த சர்வீஸில் டை கட்டிய தம்பி லிஸ்ட்டில் 'ஏர் ஃபில்டர்' என்று எழுத வரும்போது, ''அது போன மாசமே நானே மாத்திட்டேன் தம்பி. பெட்டியைத் திறந்தீங்கன்னா எல்லாக் கிளிப்பையும் போட்டுடுங்க'' என்று சொல்லிப் பாருங்கள்.

பேனா அப்படியே நிற்கும்!