உங்களுக்குத் தெரியுமா? சிங்கப்பூரில் வீட்டு மரம்

● சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. மழை. மரம் மளமளவென்று வளரும், பூஞ்சையும் அப்படியே.

● கிளையைத் தண்டோடு ஒட்ட வழித்து வெட்டக் கூடாது. கிளையின் அடியில் மோதிரம் போலத் தடித்திருக்கும் பகுதிதான் காயத்தை மூடும். அதை விட்டுவைத்து, வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும். வெட்டுவாயில் தார், பெயின்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

● சருகு மூடாக்கை அடிமரத்தில் குவித்தால் பட்டை ஊறி அழுகும். ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள்.

● அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? இலை பச்சையாக இருந்தாலும் உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருக்கலாம். புயல்மழையில் முதலில் சாய்வது இத்தகைய மரமே.

● மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் சுற்றளவு 1 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை, அது சொந்த நிலத்தில் நின்றாலும், தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வெட்ட முடியாது.

● உச்சியை மொட்டையடித்தால் மரம் பாதுகாப்பாகிவிடாது. வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகளுக்குப் பிடிமானம் குறைவு. காற்றில் எளிதில் பிய்ந்து விழும். கத்தி எடுக்கும் முன் மர நிபுணரிடம் காட்டுங்கள்.