சொல்லும் உரிமையும் சொல்லாதிருக்கும் உரிமையும்

நாடக மேடையில் நிற்கும் நடிகை பிறர் எழுதிய சொற்களைப் பேசுகிறாள். அவள் அழுகையும் சினமும் பாத்திரத்திற்கு உரியவை. திரை விழுந்ததும் அவை அவளை விட்டு அகன்றுவிடும். அதே நடிகை பொதுமேடை ஏறி, தன் வாழ்வில் நேர்ந்ததைத் தன் சொற்களாலேயே சொல்லத் தொடங்கினால் நிலைமை முற்றிலும் மாறுகிறது. அச்சொல்லுக்கு அவளே பொறுப்பு. அதனால் வரும் புகழும் பழியும் வழக்கும் அவளையே சாரும். அண்மைக் காலத்தில் இத்தகைய பேச்சு, பெண்களின் உரிமைப் போராட்டத்தில் வலிய கருவியாக வளர்ந்திருக்கிறது. அக்கருவி எவ்வாறு இயங்குகிறது, அதன் எல்லை யாது என்பவற்றை, அமெரிக்க நடிகை ஆஷ்லி ஜட் அம்மையாரின் வாழ்க்கையைக் கொண்டு ஆராய்வோம்.

ஆஷ்லி ஜட் 1968-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்செல்ஸ் நகரில் பிறந்தார். கென்டக்கி மாநிலத்தில் வளர்ந்து, அங்குள்ள பல்கலைக் கழகத்தில் பயின்றார். அவருடைய தாயார் நவோமியும் தமக்கை வைனோனாவும் 1980-களில் 'தி ஜட்ஸ்' என்ற பெயரில் அமெரிக்க நாட்டுப்புற இசையில் பெரும் புகழ் ஈட்டியவர்கள். ஆஷ்லி 1993-இல் 'ரூபி இன் பாரடைஸ்' என்ற படத்தின் மூலம் திரையுலகின் கவனத்தைப் பெற்றார். 1999-இல் வெளிவந்த 'டபிள் ஜெப்பர்டி' அவரை உலகறிந்த நடிகையாக்கியது.

புகழ் ஒருவருக்குத் தரும் பொருள்களுள் செல்வத்தினும் அரியது ஒன்று உண்டு. அது பிறர் செவி. சாதாரணப் பெண் ஒருத்தி ஆண்டுக்கணக்கில் முறையிட்டாலும் திரும்பாத செவிகள், புகழ் பெற்றவர் வாய் திறந்த அளவிலே திரும்புகின்றன. இது நியாயமன்று, ஆயினும் உலகியல்பு இதுவே. அச்செவியை எதற்குப் பயன்படுத்துவது என்பதில்தான் ஒருவருடைய பண்பு விளங்குகிறது.

ஆஷ்லி ஜட் 2002-இல் 'யூத் எய்ட்ஸ்' என்னும் அமைப்பின் தூதராகப் பொறுப்பேற்றார். கம்போடியா, தாய்லாந்து, மடகாஸ்கர், குவாத்தமாலா, இந்தியா முதலிய நாடுகளுக்குச் சென்று, எய்ட்ஸ் நோயாலும் வறுமையாலும் உடல் வாணிகத்தாலும் அல்லலுற்ற பெண்களைக் கண்டார். 2008-இல் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையில், மனிதரைக் கடத்தி விற்கும் கொடுமை பற்றிப் பேசினார். 2016-இல் ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் அவரை நல்லெண்ணத் தூதராக அமர்த்தியது. இப்பதவிக்கு ஆணையிடும் அதிகாரம் எதுவும் இல்லை. கேளாதவரைக் கேட்கச் செய்வதே இதன் பணி.

இப்பணியில் ஓர் இடரும் உண்டு. துயருற்றவர் கதையை மேடையில் உருக்கமாகச் சொன்னால் கேட்போர் கண்ணீர் விடுவர்; பின் வீடு திரும்பி மறந்துவிடுவர். இரக்கம் மட்டும் எந்தச் சட்டத்தையும் மாற்றுவதில்லை. துயரத்தின் காரணம் எது, அதைக் களையும் பொறுப்பு யாருடையது என்பதும் பேசுவோருக்குத் தெரிய வேண்டும். ஆஷ்லி ஜட் தம் நாற்பதுகளின் தொடக்கத்தில் மீண்டும் மாணவியாகி, ஹார்வர்டு பல்கலைக் கழகத்தின் கென்னடி பள்ளியில் பயின்று, 2010-இல் பொது நிருவாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். மேடைப் பேச்சுக்குக் குரல் மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

இனி, நலம் பெறுதல் என்பதைக் காண்போம். 2006-இல் ஆஷ்லி ஜட், டெக்சாஸ் மாநிலத்துச் சிகிச்சை நிலையம் ஒன்றிலிருந்த தம் தமக்கையைக் காணச் சென்றார். அங்கிருந்தோர் அவருக்கும் சிகிச்சை தேவை என எடுத்துரைத்தனர். அவரும் அங்கேயே தங்கி, மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றார். தம் குழந்தைப் பருவத்தில் நேர்ந்த புறக்கணிப்பையும் கொடுமையையும் 2011-இல் தாம் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூலில் வெளிப்படையாக எழுதினார்.

துன்பத்தைச் சொல்வதால் மனப்புண் ஆறிவிடுமா? ஹார்வர்டு மருத்துவ அறிஞர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை கூறியுள்ளார். வன்கொடுமைக்கு ஆளானவர் மூன்று படிகளில் மீள்கிறார் என்பது அவர் கருத்து. முதற்படி, பாதுகாப்பு. இரண்டாம் படி, நடந்ததை நினைவுகூர்ந்து துயரத்தை வெளியிடுதல். மூன்றாம் படி, இயல்பான வாழ்வோடும் மக்களோடும் மீண்டும் இணைதல். பாதுகாப்பு அமையுமுன் ஒருவரைப் பேசும்படி வற்புறுத்தினால் புண் ஆழமாகும். கொடுமை ஒருவரிடமிருந்து பறிப்பது, தம் வாழ்வைத் தாமே ஆளும் உரிமையை. ஆதலால், மீட்சியின் ஒவ்வொரு படியிலும் அவரே முடிவு செய்பவராக இருத்தல் வேண்டும். மீண்டவருள் சிலர் தம் அனுபவத்தைச் சமூகப் பணிக்கு உரமாக்குவர் என்றும் ஹெர்மன் குறிப்பிடுகிறார்.

பெண்ணுரிமை வரலாற்றில் ஆஷ்லி ஜட்டின் பெயர் நிலைபெற்றது 2017-ஆம் ஆண்டில். அவ்வாண்டு அக்டோபர் 5-ஆம் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ், படத் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் பெண்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்ற குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. 1990-களில் தொழில் பேசுவதற்கென்று விடுதிக்கு அழைத்துத் தம்மிடம் தகாத முறையில் நடந்தார் என, ஆஷ்லி ஜட் தம் பெயரை மறைக்காமல் அவ்விதழில் கூறியிருந்தார்.

"இத்தனை ஆண்டுகள் ஏன் வாளாவிருந்தார்?" என்று பலர் வினவினர். வினாவே பிழையானது. அவர் வாளாவிருக்கவில்லை. விடுதியின் கீழ்த்தளத்தில் காத்திருந்த தந்தையிடம் அன்றே கூறினார். திரையுலகில் அறிந்தோர் பலரிடமும் கூறினார். 2015-இல் பெயர் சுட்டாமல் ஓர் இதழுக்கும் தெரிவித்தார். சொன்னவர் இருந்தார், கேட்டு நடவடிக்கை எடுக்கும் இடம் இல்லை. கறுப்பினப் பெண்மணி தரானா பர்க், பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுமியர்க்காக 2006-லேயே 'மீ டூ', அதாவது 'எனக்கும் நேர்ந்தது', என்ற இயக்கத்தைத் தொடங்கியிருந்தார். அவர் குரலை உலகம் கேட்கப் பதினோர் ஆண்டுகள் ஆயின என்பதையும் மறத்தல் ஆகாது.

பேச்சு அடுத்து நீதிமன்றத்தை அடைந்தது. தம்மைப் பற்றிப் பொய்யுரைத்துப் பட வாய்ப்பைக் கெடுத்தார் என்றும், பாலியல் தொல்லை தந்தார் என்றும் 2018-இல் ஆஷ்லி ஜட், வைன்ஸ்டீன்மீது வழக்குத் தொடுத்தார். அவர் மறுத்தார். மருத்துவர்–நோயாளி, ஆசிரியர்–மாணவர் போன்ற உறவுகளுக்கென அமைந்த கலிபோர்னியச் சட்டப் பிரிவு, தயாரிப்பாளர்–நடிகை உறவுக்கும் பொருந்துமா என்பதே முக்கிய வினா. கீழ் நீதிமன்றம் 2019-இல் பொருந்தாது என்றது. மேல் முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் பொருந்தும் என்றது. வாய்ப்புத் தரும் அதிகாரம் ஒருவர் கையிலும், அதை நாடும் தேவை மற்றவரிடமும் இருக்குமாயின், அங்கே சட்டத்தின் காவல் வேண்டும் என்ற உண்மை இதனால் வலுப்பெற்றது. வைன்ஸ்டீன் வேறு பெண்கள் தொடர்பான வழக்குகளில் 2020-இல் நியூயார்க்கிலும் 2022-இல் லாஸ் ஏஞ்செல்ஸிலும் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். முதல் தீர்ப்பு 2024-இல் நீக்கப்பட்டது. 2025-இல் நடந்த மறு விசாரணையில் ஒரு குற்றச்சாட்டு உறுதியாயிற்று.

தம் வலியைப் பேசும்போதும் பிறர் வலியை மறவாமை இப்பேச்சின் அறமாகும். 2021 பிப்ரவரியில் காங்கோ நாட்டுக் காட்டில், விழுந்து கிடந்த மரத்தில் தடுக்கி வீழ்ந்து, ஆஷ்லி ஜட் கால் முறிந்தார். ஊரார் அவரைத் தொட்டிலிற் சுமந்தும் மோட்டார் சைக்கிளில் ஏற்றியும் காப்பாற்றினர். அறுவைச் சிகிச்சைக்குத் தென்னாப்பிரிக்கா சென்று சேர 55 மணி நேரம் ஆயிற்று. மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அவர் பேசினார். தமக்குக் காப்பீடு இருந்தது. தம்மைச் சுமந்த மக்களுக்கோ ஒரு வலி மருந்துகூடக் கிட்டாது என்பதே அவர் வற்புறுத்திய செய்தி.

இவ்வளவு பேசிய அவரே, ஒரு கட்டத்தில் சொல்லாதிருக்கும் உரிமைக்காகப் போராட வேண்டியதாயிற்று. 2022 ஏப்ரல் 30-ஆம் நாள், நெடுநாள் மனநோயால் வருந்திய அவருடைய தாயார் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். துயரம் தாங்காத அந்நாளிலேயே காவலர் அவரிடம் கேட்டறிந்த செய்திகள், டென்னசி மாநிலச் சட்டப்படி பொது ஆவணமாகி வெளிவரும் நிலை ஏற்பட்டது. அவற்றை வெளியிடாதிருக்கக் குடும்பத்தார் நீதிமன்றத்தை நாடினர். தனிப்பட்ட துயரத்தைத் தனிமையில் வைத்துக்கொள்ளும் உரிமையை வலியுறுத்தி, அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் நாளிதழில் கட்டுரையும் எழுதினார். ஆயினும் மனநலம் பற்றிப் பேசுவதை விடவில்லை. 2024 ஏப்ரலில் வெள்ளை மாளிகையில், தற்கொலைத் தடுப்புத் திட்ட வெளியீட்டிலும் பேசினார்.

இது முரண்பாடா? அன்று. 2017-இல் அவர் சொன்னது, தாமே தேர்ந்து சொன்னது. 2022-இல் தடுக்க முயன்றது, தம் இசைவின்றிப் பிறர் வெளியிட இருந்தது. இரண்டிலும் அவர் காத்தது ஒரே உரிமையை. தன் துன்பத்தை எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதை அத்துன்பத்தை அனுபவித்தவரே முடிவு செய்ய வேண்டும்.

மாணவ நண்பர்களே! நாளை உங்கள் தோழியோ தோழனோ தமக்கு நேர்ந்த கொடுமையை உங்களிடம் கூறலாம். அப்போது மேலும் சொல் என்று துருவாதீர்கள்; ஏன் முன்பே சொல்லவில்லை என்று கடியாதீர்கள்; கேட்டதை வேடிக்கைக் கதையாக்கிப் பரப்பாதீர்கள். பொறுமையோடு கேளுங்கள். பாதுகாப்பும் உதவியும் தரக்கூடிய நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். மேடையில் பேசும் வாய்ப்புச் சிலருக்கே வாய்க்கும். நன்கு கேட்கும் வாய்ப்போ நம் எல்லோர்க்கும் உண்டு.