முடியின் நுனி ஏன் பிளக்கிறது?

தலை வாரிய பிறகு சீப்பில் சிக்கியிருக்கும் நீண்ட முடி ஒன்றை எடுத்து ஒரு வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். அதன் நுனியைக் கைலென்ஸ் வழியாகப் பாருங்கள். சில முடிகளின் நுனி ஊசிமுனை போல ஒன்றாக இருக்கும். வேறு சிலவற்றின் நுனி பாம்பின் நாக்கைப் போல இரண்டாகப் பிளந்திருக்கும். ஒன்றிரண்டில் மூன்று, நான்கு கிளைகளையும் காணலாம். 'முடி வெடித்திருக்கிறது' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

மருத்துவ நூல்களில் இந்த நுனிப்பிளவுக்கு 'டிரைக்காப்டிலோசிஸ்' என்று பெயர். முடி, இறகு எனப் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் இது. பெயர் பெரிதாக இருந்தாலும் இது அஞ்சத்தக்க நோயன்று. ஆனால் இதைப் பற்றிய கவலை மாணவ மாணவியரிடம் மிகுதி. அந்தக் கவலையை நம்பியே பல பொருள்கள் விற்பனையாகின்றன. 'பிளந்த முடியைப் புதிதாக்கும்' என்று ஒரு விளம்பரம் கூறுகிறது. 'நுனி வரை ஊட்டம் அளிக்கும்' என்கிறது மற்றொன்று. பிளந்த முடி உண்மையிலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளுமா? இதற்கு விடை காண, முடி எத்தகைய பொருள் என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

உயிருள்ள வேர், உயிரற்ற தண்டு

தலைத்தோலின் அடியில் மயிர்க்கால் என்னும் சிறு குழி இருக்கிறது. அதன் அடியில்தான் முடி உருவாகிறது. அங்குள்ள உயிரணுக்கள் விரைவாகப் பிரிந்து பெருகுகின்றன. புதிய அணுக்கள் பழையவற்றை மேல்நோக்கித் தள்ளுகின்றன. மேலே செல்லச் செல்ல அவற்றினுள் கெரட்டின் என்னும் கடினமான புரதம் நிரம்புகிறது. தோலைவிட்டு வெளியே வரும் முன்பே அந்த அணுக்கள் இறந்துவிடுகின்றன. நாம் பார்க்கும் முடி முழுவதும் இப்படி இறந்த அணுக்களால் ஆன இழையே. அதில் இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. ஆகவேதான் முடியை வெட்டும்போது வலிப்பதில்லை.

கையில் வெட்டுக்காயம் பட்டால் சில நாட்களில் ஆறிவிடுகிறது. காயத்தின் ஓரத்திலுள்ள உயிரணுக்கள் பெருகி இடைவெளியை நிரப்புவதே அதற்குக் காரணம். முடியின் நுனியில் அவ்வாறு பெருக உயிரணுவே கிடையாது. எனவே சட்டையில் ஏற்பட்ட கிழிசலைப் போலத்தான் நுனிப்பிளவும். அது தானாக ஆறாது.

நுனியின் வயது என்ன?

தலைமுடி ஒரு மாதத்தில் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஒரு மாணவியின் கூந்தல் 60 சென்டிமீட்டர் நீளம் என்று கொள்வோம். அப்படியானால் அதன் நுனி 60 மாதங்களுக்கு முன், அதாவது 5 ஆண்டுகளுக்கு முன் தலைத்தோலிலிருந்து வெளிவந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய பின்னலின் நுனி, அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது முளைத்தது!

நாளுக்கு இரண்டு முறை தலை வாரினால், 5 ஆண்டுகளில் அந்த நுனி 3,650 முறை சீப்பைச் சந்தித்திருக்கும். வாரம் இரண்டு முறை தலைக்குக் குளித்தால், 520 முறை நனைந்து உலர்ந்திருக்கும். இவற்றோடு ஐந்து கோடைகளின் வெயிலும் சேர்கிறது. முடியின் வேர்ப்பகுதி பிளக்காமல் நுனி மட்டும் பிளப்பதன் காரணம் இந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. முடியின் மிகப் பழைய பகுதி நுனிதான்.

ஓடு வேய்ந்த கூரை

முடியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. இவ்வளவு மெல்லிய இழைக்குள்ளும் தனித்தனிப் பகுதிகள் உள்ளன. வெளியே இருப்பது மேலுறை. இது மிக மெல்லிய செதில்களால் ஆனது. கூரையில் ஓடுகளை அடுக்குவது போல, ஒரு செதில் அடுத்த செதிலின் மேல் படிந்திருக்கும். செதில்களின் விளிம்புகள் நுனியை நோக்கி இருக்கும். அவற்றின் மேற்பரப்பில் மிக நுண்ணிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. அது தண்ணீரை எளிதில் ஒட்டவிடாது, உராய்வையும் குறைக்கும்.

இந்தச் செதில்களை உங்கள் விரல்களாலேயே உணரலாம். உதிர்ந்த முடி ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்து, வேரிலிருந்து நுனியை நோக்கி விரல்களை நகர்த்துங்கள். வழுவழுப்பாக இருக்கும். பிறகு நுனியிலிருந்து வேரை நோக்கி நகர்த்துங்கள். சற்றே சொரசொரப்பாகத் தெரியும். இப்போது முடியை அதே விரல்களுக்கிடையில் வைத்து, விரல்களை முடியின் நீளவாக்கில் முன்னும் பின்னுமாகத் தேயுங்கள். முடி தானாக ஊர்ந்து செல்லும். எப்போதும் வேர்ப்பக்கம் முன்னே செல்லும்படியே ஊரும். செதில்கள் ஒரே திசையில் சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம்.

மேலுறைக்கு உள்ளே இருப்பது புறணி. முடியின் பெரும்பகுதி இதுவே. நீண்டு ஒடுங்கிய அணுக்களும், அவற்றுள் கெரட்டின் நார்களும் முடியின் நீளவாக்கில் கட்டுக்கட்டாக அமைந்துள்ளன. நார்களில் உள்ள கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து வலிமை தருகின்றன. நல்ல நிலையிலுள்ள ஒரு முடி 50 கிராமுக்கு மேற்பட்ட எடையைத் தாங்கும். ஆனால் இந்த வலிமை நீளவாக்கில்தான் மிகுதி. பக்கவாட்டில் நார்களின் பிடிப்பு குறைவு. மூங்கிலைக் குறுக்கே ஒடிப்பது கடினம். நெடுக்கே பிளப்பது எளிது. முடியும் அப்படித்தான்.

ஆகவே, கூரை இருக்கும்வரை உள்ளே இருக்கும் நார்க்கட்டு பத்திரமாக இருக்கும். வேருக்கு அருகே 6 முதல் 8 அடுக்குச் செதில்கள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் தேய்ந்து தேய்ந்து, நுனியில் ஓர் அடுக்குகூட மிஞ்சாமல் போகலாம். அப்போது உள்ளிருக்கும் நார்கள் பிரிகின்றன. பல் துலக்க வேப்பங்குச்சியை மென்றால் அதன் முனை நார்நாராகப் பிரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கில அறிவியலார் ராபர்ட் ஹூக், 1665இல் வெளியிட்ட 'மைக்ரோகிராபியா' என்னும் நூலில், நுண்நோக்கியில் தாம் கண்ட முடியைப் பற்றி எழுதியிருக்கிறார். நீண்ட முடியின் பிளந்த நுனியில் சில வேளை பத்துக்கும் மேற்பட்ட பிரிவுகளை அவர் கண்டார்.

சிக்கும் ஈரமும்

கூரையைத் தேய்ப்பவற்றுள் முதலாவது சிக்கு. சிக்கில் ஒரு முடி மற்றொரு முடியைச் சுற்றி வளைந்து நிற்கிறது. அப்படியே சீப்பை இழுத்தால், முடி கூர்மையாக மடிந்து, இன்னொரு முடியின்மேல் அறுத்துக்கொண்டு நகர்கிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரிலுள்ள டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் இதைப் பொறி ஒன்றின் மூலம் செய்து பார்த்து, 2024இல் முடிவுகளை வெளியிட்டனர். முடியை வளையமாக்கி மீண்டும் மீண்டும் உராயும்படி இழுத்தபோது நுனிப்பிளவைப் போன்ற நெடுக்குப் பிளவுகள் தோன்றின. நுனிப்பிளவு எளிதில் ஏற்படும் ஒருவரின் முடி, அது ஏற்படாதவரின் முடியைவிட எளிதில் பிளந்தது. ஆகவே, ஒரே மாதிரி பராமரித்தாலும் எல்லோருடைய முடியும் ஒன்று போல் இராது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது ஈரம். நனைந்த முடியின் பருமன் சுமார் 15 விழுக்காடு கூடுகிறது. நீளமோ சுமார் 2 விழுக்காடுதான் கூடுகிறது. இச்சிறிய நீள மாற்றத்தைப் பயன்படுத்தியே ஜெனீவாவைச் சேர்ந்த சொசூர் என்பவர், காற்றின் ஈரத்தை அளக்கும் முடி ஈரமானியை உருவாக்கி 1783இல் அதைப் பற்றி நூல் எழுதினார். ஊறிய முடியில் செதில்கள் தூக்கி நிற்கும். நார்களின் பிடி தளரும். அந்த நிலையில் அது எளிதில் நீண்டு, உருக்குலையும். தலைக்குக் குளித்தவுடன் அவசரமாகச் சிக்கெடுப்பதும், ஈரத்தலையைத் துண்டால் அடித்துத் துவட்டுவதும் கெடுதல் செய்வது இதனால்தான்.

வெப்பமும் வேதிப்பொருள்களும்

முடியை நீட்டும் மின்கருவிகளின் வெப்பம் 150 முதல் 230 பாகை செல்சியஸ் வரை செல்கிறது. தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் அல்லவா? ஈரமான முடியில் இக்கருவியை வைத்தால், முடிக்குள் இருக்கும் நீர் ஆவியாகி வெளியேற வழியின்றிக் குமிழிகளை உண்டாக்குகிறது. மருத்துவர்கள் இதைக் 'குமிழி முடி' என்றே அழைக்கின்றனர். குமிழி உள்ள இடத்தில் முடி பஞ்சு போலாகி ஒடிந்துவிடும்.

முடியின் நிறத்தை வெளுக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு, நிறமியை மட்டும் அழிப்பதில்லை. கெரட்டினின் கந்தகப் பிணைப்புகளையும் அறுக்கிறது. கடும் வெயிலும் இதே வேலையை மெதுவாகச் செய்கிறது.

குளியல் சோப்பு காரத்தன்மை உடையது. காரம் முடியை ஊதச் செய்து செதில்களைத் தூக்குகிறது. ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரில் சோப்பு போட்டால், நீரிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து கரையாத பிசுக்கு உண்டாகி முடியில் படியும். சிக்கு கூடும். ஷாம்புவில் இந்தத் தொல்லை குறைவு. சீயக்காயில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் இருப்பதால் அதுவும் அழுக்கை நீக்கும். ஆனால் நறநறவென்ற தூளை முடியில் அழுத்தித் தேய்த்தால் செதில்கள் தேயும். நன்றாகச் சலித்த தூளை, வடிகஞ்சியில் நெகிழக் கரைத்துத் தேய்ப்பது நல்லது.

எண்ணெய் ஊட்டமா, காவலா?

எண்ணெய் முடிக்கு உணவு என்று பலர் எண்ணுகின்றனர். இறந்த இழைக்கு உணவு தேவையில்லை. எண்ணெய் செய்வது காவல் வேலை. அது உராய்வைக் குறைக்கிறது. குளிக்கும்போது நீர் மிகுதியாக ஊறாமல் தடுக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டனர். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைத் தேங்காயெண்ணெய் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் குறைத்தது. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. எனவே முடிக்குள் நுழைய முடிகிறது. இந்த ஆய்வைச் செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். முடிவு அதனால் தவறாகிவிடாது. ஆனால் ஓர் ஆய்வைப் படிக்கும்போது அதைச் செய்தவர் யார் என்று கேட்பது அறிவியல் மாணவரின் கடமை.

உணவின் நிலை என்ன? பருப்பு, முட்டை, கீரை போன்றவை தரும் புரதமும் இரும்புச் சத்தும் மயிர்க்காலுக்குத் தேவை. அவை இனி முளைக்கப் போகும் முடிக்கே உதவும். நேற்று பிளந்த நுனியை இன்று தின்னும் முட்டை ஒட்ட வைக்காது.

பிளந்தது ஒட்டுமா?

முடிக்குப் பூசும் சில பொருள்கள் பிளந்த கிளைகளைப் பசை போலச் சேர்த்துப் பிடிக்கின்றன, வழுவழுப்பும் தருகின்றன. சிக்கு குறைவதால் புதிய பிளவுகளும் குறையும். இது உண்மையான நன்மையே. ஆனால் அந்தப் பசை குளிக்கக் குளிக்கக் கரைந்துவிடும். பிளவு உள்ளே அப்படியேதான் இருக்கும்.

எனவே பிளந்த நுனிக்கு ஒரே மருத்துவம் கத்தரிக்கோல். விட்டுவைத்தால் பிளவு மெல்ல மேலேறும். முடி இடையிலேயே ஒடியும். 'என் முடி வளரவே இல்லை' என்று வருந்துவோரில் பலருக்கு வேரில் வளர்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. நுனியில் ஒடிவதால்தான் நீளம் தெரிவதில்லை. சில வீடுகளில் பெண்களின் முடியை வெட்டவே விடுவதில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பிளவுக்குச் சற்று மேலே அரை அங்குலம் வெட்டினால் போதும். நீளம் குறையாது; காக்கப்படும். வெட்டினால் முடி வேகமாக வளரும் என்பதும் சரியன்று. நுனியில் நடப்பது வேருக்குத் தெரியாது.

செய்ய வேண்டியவை

1. குளிக்கும் முன்பே சிக்கெடுங்கள். நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே வாருங்கள். அகன்ற பற்களுள்ள சீப்பு நல்லது.

2. ஈரத்தலையைத் துண்டால் ஒற்றி எடுங்கள். அடிக்கவும் முறுக்கவும் வேண்டாம்.

3. நீண்ட முடியைத் தளர்வாகப் பின்னிக்கொண்டால் காற்றில் சிக்காகாது. வெறும் ரப்பர் வளையத்தை இறுக்கிப் போட்டுப் பிய்த்து எடுக்காதீர்கள். துணி ரிப்பன் மேல்.

4. தலைக்குக் குளிக்கும் முன் சிறிது தேங்காயெண்ணெயை நுனிவரை தடவுங்கள்.

5. பிளந்த நுனியை விரலால் பிரித்து விளையாடாதீர்கள். மெழுகுவர்த்திச் சுடரில் பொசுக்குவதும் கூடாது. நுனி மேலும் கெடும், தலைமுடியே தீப்பற்றக்கூடும்.

6. மழுங்கிய கத்தரிக்கோல் முடியை நசுக்கிப் புதிய பிளவுக்கு வழி செய்யும். கூர்மையானதையே பயன்படுத்துங்கள்.

வேருக்கு அருகிலேயே முடி ஒடிந்தாலோ, வட்ட வட்டமாகக் கொட்டினாலோ, அது நுனிப்பிளவன்று. தோல் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

இனி முடிக்கான விளம்பரம் ஒன்றைக் காணும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். இந்தப் பொருள் உயிருள்ள வேரில் வேலை செய்கிறதா, உயிரற்ற தண்டிலா? தண்டில் என்றால், எத்தனை குளியலுக்கு அது நிற்கும்? விடை கிடைக்காத பொருளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு நல்ல அகன்ற பல் சீப்பு வாங்கிவிடலாம்.