சிங்கப்பூரில் எங்கள் முதல் வருஷம்

பத்தமடையிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகிறது. ஊரிலிருந்து போனில் பேசுகிற எல்லோரும் கேட்பது, "பாஷைக்கு என்ன செய்யுதே?" என்பதுதான். அந்தக் கவலையே வேண்டாம். இங்கே நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை, வாழைப்பூ எல்லாம் கிடைக்கிறது. விலையை ரூபாயாக மாற்றிப் பார்க்காமல் இருந்தால் வாங்கலாம்!

விடிவதுதான் தாமதம். கடிகாரம் நம் ஊரைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. சூரியன் வருவதோ ஏழு மணிக்கு. இருட்டிலேயே மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும்.

டெங்கு பயத்தால் தண்ணீர் எங்கும் தேங்கக் கூடாது. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து பூந்தொட்டியின் அடித்தட்டைக்கூடப் பார்க்கிறார்கள். கொசுப்புழு இருந்தால் அபராதம். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, சகோதரிகளே. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும். ஊரில் தொட்டி, குடம் வைத்திருப்பவர்களும் இப்படிச் செய்யலாம்.

மனசுதான் இன்னும் பழகவில்லை. அத்தை ஊரில் தனியாக இருக்கிறார்கள். வயது எழுபத்தைந்து, சர்க்கரை வேறு. நடுவில் ஒரு மாதம் வந்திருந்தார்கள். பதினோராவது மாடி, எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். "ஏட்டி, காத்து நல்லா வருது, பேசத்தான் ஆளில்ல" என்று கிளம்பிவிட்டார்கள். கொண்டுவந்த கோரைப்பாயை விட்டுப் போனார்கள். மகள் அதில்தான் படுக்கிறாள்.

அடுத்த மாதம் இவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மகளுக்கு இங்கேயே இருக்க ஆசை. அத்தையைக் கேட்டால், "பிள்ள படிப்பப் பாருங்க. எனக்கு வாய்க்கால் இருக்கு, அக்கம்பக்கம் இருக்கு" என்கிறார்கள். இவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.