கேஸ் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்: பாரிய வீதி விபத்துக்குப் பிறகு செய்யவேண்டியவை

வீதி விபத்தில் கணவரையோ பிள்ளையையோ இழந்த குடும்பங்களிடம் நட்டஈடு பற்றிக் கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "கேஸ் நடக்குது, அது முடியட்டும், பிறகு பாப்பம்." கேஸ் என்று அவர்கள் சொல்வது நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் போட்ட வழக்கை. தவணைக்குத் தவணை பஸ் ஏறிப் போய் வருகிறார்கள். சில வருடங்களில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், தண்டப்பணம் கட்டுகிறார், வழக்கு முடிகிறது. அதன் பிறகு ஒரு சட்டத்தரணியிடம் போகும்போதுதான், நட்டஈடு கேட்பதற்கான காலம் எப்போதோ கடந்துவிட்டது என்று தெரியவருகிறது.

இலங்கையின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னொருவரின் கவனயீனத்தால் ஏற்பட்ட காயத்துக்கோ இழப்புக்கோ நட்டஈடு கோரும் வழக்கை அது நிகழ்ந்ததிலிருந்து 2 வருடங்களுக்குள் தாக்கல் செய்யவேண்டும். பொலிஸ் வழக்கு இழுபடுகிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்பதில்லை. நீதவான் நீதிமன்ற வழக்கு அரசுக்கும் சாரதிக்கும் இடையிலானது. அதில் நீங்கள் சாட்சி மட்டுமே. நட்டஈட்டு வழக்கு உங்களுடையது. அதை மாவட்ட நீதிமன்றத்தில் நீங்கள்தான் தொடுக்கவேண்டும். இரண்டும் ஒரே காலத்தில் நடக்கலாம், ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கத் தேவையில்லை. சாரதி குற்றவாளியாகக் காணப்பட்டால் அவரிடமிருந்து இழப்பீடு வழங்குமாறு உத்தரவிடும் அதிகாரம் நீதவானுக்கும் உண்டு. ஆனால் உழைத்துக்கொண்டிருந்த ஒருவரின் மிகுதி வாழ்நாள் வருமானத்தைக் கணக்கிடும் இடம் அதுவல்ல.

மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும்போது கையில் என்ன இருக்கும் என்பது, விபத்து நடந்த முதல் சில மணித்தியாலங்களிலும் முதல் சில வாரங்களிலும் தீர்மானமாகிவிடுகிறது.

வீதியில்

முதலில் 1990. இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலையில் வடக்குக்கு விரிவுபடுத்தப்பட்டது. தமிழில் பேசலாம். இடத்தைச் சொல்லத் தெரியாவிட்டால் வீதியோரக் கிலோமீற்றர் கல்லின் இலக்கத்தை, அல்லது அருகிலுள்ள கோயில், பாடசாலை, சந்தியின் பெயரைச் சொல்லுங்கள். ஏ9 வீதியிலும் பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலும் இரவில் கட்டாக்காலி மாடுகள் நிற்கின்றன, விளக்கில்லாத நீண்ட துண்டுகளும் இருக்கின்றன. ஆகவே விழுந்து கிடப்பவர் மீது இன்னொரு வாகனம் ஏறிவிடாமல் பார்ப்பதும் அவசரம். வாகனமொன்றின் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, இரு பக்கமும் ஆட்களை நிறுத்துங்கள்.

எங்கள் பகுதிகளில் நல்ல மனதோடு செய்யப்படும் பெரிய தவறு, காயப்பட்டவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஓட்டோவுக்குள் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடுவது. கழுத்திலோ முதுகெலும்பிலோ முறிவு இருந்தால், விபத்தில் தப்பிய முண்ணாண் அந்தத் தூக்கலில் சேதமாகலாம். தீ, வாகன நெரிசல் போன்ற உடனடி ஆபத்து இல்லாவிட்டால் அசைக்காதீர்கள். ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். இரத்தம் பீறிடும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர், சோடா எதுவும் பருக்கவேண்டாம். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் வயிற்றில் இருப்பது சிக்கலாகும்.

உதவிக்கு ஆட்கள் இருந்தால் ஒருவர் தொலைபேசியில் படம் எடுக்கட்டும். காயத்தை அல்ல. வாகனங்கள் நின்ற இடம், டயர் தேய்ந்த அடையாளம், இலக்கத்தகடு, முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதிச் சான்றிதழும். இந்தக் கடைசி இரண்டும்தான் பின்னர் மிகப் பெறுமதியானவை, ஏனென்றால் எந்த நிறுவனம் நட்டஈடு கட்டப்போகிறது என்பது அதில்தான் இருக்கிறது. பார்த்தவர்களின் பெயரையும் இலக்கத்தையும் கேட்டுக் குறித்துவையுங்கள். அருகில் கடையில் கமரா இருந்தால், பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படுவதற்கு முன்னர் அதைப் பெறும்படி பொலிஸாரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நீங்களே வாகனத்தை ஓட்டியவராக இருந்தால் நிறுத்தவேண்டும், உதவவேண்டும், பொலிஸுக்கு அறிவிக்கவேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது அதைத்தான். சனம் கூடி அடிக்கும் என்ற பயம் பொய்யானதல்ல. அப்படியான நிலையில் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு நேரே போய் ஒப்படைவது வேறு, மறைந்துபோவது வேறு.

ஆஸ்பத்திரியில்

போரில் காயப்பட்டவர்களுக்காக இதைத் தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. உடலில் செல் துண்டோ சன்னமோ இருந்தால் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரே, சி.டி. ஸ்கானுக்கு அது தடையில்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரம் பலமான காந்தம், உள்ளே இருக்கும் இரும்புத் துண்டை அது அசைக்கக்கூடும். கண்ணுக்கோ முண்ணாணுக்கோ அருகில் இருக்கும் துண்டு மிக ஆபத்தானது. காயப்பட்டவர் மயக்கத்தில் இருந்தால் இதைச் சொல்லவேண்டியவர்கள் வீட்டார். பதினைந்து வருடத்துக்கு முந்திய காயம்தானே என்று பேசாமல் இருந்துவிடவேண்டாம்.

பழைய காயத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. "இவர் ஏற்கனவே நொண்டித்தான் நடந்தவர்" என்று எதிர்த்தரப்பு வாதாடும். முன்னரே காயம் இருந்தது என்பதால் நட்டஈட்டு உரிமை போய்விடாது. பலவீனமான உடலை இடித்தவர், அந்த உடலுக்கு நேர்ந்ததற்குப் பொறுப்பு. ஆனால் விபத்துக்கு முன்னர் என்ன செய்ய முடிந்தது, இப்போது என்ன முடியவில்லை என்பதை வைத்திய அறிக்கை பிரித்துச் சொல்லவேண்டும். பழைய கிளினிக் கொப்பிகள், எக்ஸ்ரே படங்கள், செயற்கைக் கால் பொருத்திய இடத்தின் அட்டை எதையும் எறியாதீர்கள்.

பெரிய அரச வைத்தியசாலைகளில் பொலிஸ் காவலரண் இருக்கும். விபத்து என்று அங்கு பதிவாகியிருக்கிறதா, சட்ட வைத்திய அதிகாரி காயங்களைப் பரிசோதித்தாரா என்று கேளுங்கள். நீதிமன்றம் காயத்தின் தன்மையை அவருடைய அறிக்கையிலிருந்தே அறிகிறது. வீடு போகும்போது தரப்படும் டயக்னோசிஸ் கார்ட்டை உடனே நிழற்படப் பிரதி எடுத்து வையுங்கள். அரச ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம் என்றாலும் வெளியில் வாங்கிய மருந்து, தனியார் ஸ்கான், துணைக்கு நின்றவரின் பஸ் காசு, நாட்கூலி இழப்பு எல்லாம் செலவுகள்தான். ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள், பற்றுச்சீட்டை அதற்குள்ளேயே ஒட்டுங்கள்.

பொலிஸில்

பொலிஸ் நிலையப் படியை மிதிக்கவே மனம் வராத மனிதர்கள் எங்களில் நிறையப் பேர். தடுப்பில் இருந்து வந்தவர்கள், புனர்வாழ்வு முடித்தவர்கள், காணாமலாக்கப்பட்டவரைத் தேடிப் போய் அவமானப்பட்டுத் திரும்பியவர்கள். அதனாலேயே வாக்குமூலத்தை ஒரு பக்கத்தில் முடித்துக்கொண்டு எழும்பி வரத் துடிக்கிறார்கள். அந்த ஒரு பக்கம்தான் பிறகு வருடக்கணக்கில் நின்று பேசும். உறவினர் ஒருவரையோ சட்டத்தரணியையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். வெளியிலும், உதாரணமாகக் கொழும்புக்குப் போகும் வழியில் தம்புள்ளையிலோ புத்தளத்திலோ விபத்து நடந்தாலும், அரச அதிகாரியோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது. நடைமுறை வேறு என்பது எல்லோருக்கும் தெரியும். சிங்களத்தில்தான் எழுதினார்கள் என்றால் குறைந்தபட்சம் இதையாவது கேளுங்கள்: எழுதியதை எனக்கு விளங்கும் மொழியில் வாசித்து விளக்குங்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110ஆவது பிரிவு அதைப் பொலிஸாரின் கடமையாக்கியிருக்கிறது. திருத்தவும் மேலும் சேர்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அதன் பிறகு கையொப்பம். முறைப்பாட்டு இலக்கம், திகதி, பக்கம் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். வேகம் எவ்வளவு என்று கேட்டால், பார்க்காதவர் "பார்க்கவில்லை" என்றே சொல்லலாம். மரணம் நடந்திருந்தால் திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன்னிலையிலும் உறவினர் சாட்சியம் சொல்லவேண்டிவரும். செத்தவீட்டுக் களைப்பில் அதை ஒரு சடங்குபோல் முடிக்கும் வழக்கம் இருக்கிறது, அங்கு சொல்லப்படுவதும் பதிவாகிறது.

சமாதானம் பேச வருபவர்கள்

மூன்றாம் நாளோ எட்டுச் செலவு முடிந்த கையோடோ வருவார்கள். வாகன உரிமையாளர், ஊரில் ஒரு பெரியவர், சிலவேளை பொலிஸில் தெரிந்த ஒருவர். கையில் ஒரு தொகை, கூடவே ஒரு கடுதாசி. "கேஸ் பத்து வருசம் இழுக்கும் பிள்ளை, இதை வாங்குறதுதான் புத்தி." சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டில் அந்தக் காசை வாங்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாங்கலாம். ஆனால் கையொப்பமிடும் கடுதாசியில் "செத்தவீட்டுச் செலவுக்காகப் பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் இருக்கட்டும். "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்ற வரி இருந்தால் சட்டத்தரணி ஒருவருக்குக் காட்டாமல் கை வைக்காதீர்கள். வெற்றுக் கடுதாசியில் ஒருபோதும் வேண்டாம்.

பெரும்பாலும் அவர்கள் சொல்லாமல் விடும் விஷயம், காசு அவர்கள் பையிலிருந்து போகவேண்டியதில்லை என்பது. இந்த நாட்டில் வீதியில் ஓடும் மோட்டார் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அந்த மூன்றாம் தரப்பு நீங்கள்தான். வழக்குப் போடும்போது காப்புறுதி நிறுவனத்துக்கும் உரிய காலத்தில் எழுத்து மூலம் அறிவித்தல் போகவேண்டும். அது தவறினால் தீர்ப்புக் கிடைத்தும் நிறுவனம் கைகழுவ இடமுண்டு. சட்டத்தரணியிடம் முதல் நாளே கேட்கவேண்டிய கேள்வி இது.

"தம்பி ஹெல்மெட் போடேல்லை, லைசென்சும் இல்லை, எங்களுக்கு என்ன கிடைக்கப்போகுது?" என்று முயற்சியையே கைவிடுபவர்களும் உண்டு. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் பங்களிப்புக் கவனயீனம் பற்றியது. உங்கள் பக்கத்திலும் பிழை இருந்தால் நட்டஈடு அதற்கேற்பக் குறையும், முற்றாக இல்லாமல் போகாது. அதேபோல, குற்றவியல் வழக்கில் சாரதி விடுதலையானாலும் உங்கள் வழக்கு தானாக விழுந்துவிடாது. அங்கு நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டும், இங்கு எது கூடுதலாக நம்பத்தக்கது என்று காட்டினால் போதும்.

இடித்தது இராணுவ வாகனம் என்றால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். அரசுக்கு எதிராகவும் நட்டஈட்டு வழக்குப் போடலாம், 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழிசெய்கிறது. வழக்குச் சட்டமா அதிபருக்கு எதிராக வரும், அதற்கு ஒரு மாதம் முன்னரே அறிவித்தல் கொடுக்கவேண்டும். அந்த ஒரு மாதமும் 2 வருடத்துக்குள் அடங்கவேண்டும் என்பதால், 23ஆவது மாதத்தில் சட்டத்தரணியைத் தேடுவது ஆபத்து. பொலிஸார் முறைப்பாட்டையே ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம், அதன் தொலைபேசி இலக்கம் 1996. இடித்துவிட்டுத் தப்பிய வாகனம் கண்டுபிடிக்கப்படாவிட்டால் வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் அறிக்கை வேண்டும். வேலையில் இருக்கும்போது நடந்த விபத்தென்றால் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் போகும் வழி தனியாக உண்டு.

இறந்தவரின் பத்திரங்கள்

இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்த மனைவி, பிள்ளைகள், பெற்றோர் வழக்குத் தொடரலாம். நீண்ட காலமாக எங்கள் சட்டம் இழந்த வருமானத்தை மட்டுமே கணக்கில் எடுத்தது, ஒரு பிள்ளையை இழந்த தாயின் துயரத்துக்கு அதில் இடமிருக்கவில்லை. 2019இல் கொண்டுவரப்பட்ட 2ஆம் இலக்கச் சட்டம், மரணத்தால் இழந்த அன்பு, பராமரிப்பு, துணை ஆகியவற்றுக்கும் நட்டஈடு கோர வழி திறந்திருக்கிறது. உழைக்காத பிள்ளை, வயோதிபத் தாய் இறந்த குடும்பங்களும் இதைக் கேட்டறியவேண்டும்.

வன்னியில் வழக்குகள் சிக்கும் இடம் வேறு. திருமணம் பதியப்பட்டிருக்காது, அல்லது பதிந்த துண்டு 2009இல் பதுங்குகுழியோடு போயிருக்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழையாக இருக்கும். இவற்றைச் சரிசெய்யப் பல மாதங்கள் எடுக்கும். ஆகவே அந்தியேட்டி முடிந்ததும் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் கிளைக்குப் போங்கள். பதியாத திருமணத்தையும் ஊரறிந்த குடும்ப வாழ்க்கையைக் கொண்டு நிரூபிக்க முயலலாம். கிராம அலுவலரின் கடிதம், கோயில் ஐயர் அல்லது பாதிரியாரின் உறுதிப்படுத்தல், முகாமில் கொடுத்த குடும்ப அட்டை, பழைய பங்கீட்டு அட்டை எல்லாம் அதற்கு உதவும். கூலி வேலை செய்தவரின் வருமானத்துக்குச் சம்பளத் துண்டு இருக்காது. மேசன் வேலையென்றால் வேலை கொடுத்தவர், கடற்தொழில் என்றால் சங்கம், வயலென்றால் கமக்காரர் அமைப்பு எழுத்தில் தரட்டும்.

காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு உட்படப் பல நீதிமன்ற நகரங்களில் அலுவலகங்கள் உண்டு. வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். கிராம அலுவலரின் வருமானக் கடிதத்தோடு போங்கள். கோப்பின் மட்டையில் விபத்துத் திகதியையும் அதிலிருந்து 2 வருடம் முடியும் திகதியையும் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போனால், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் அவசரம் விளங்கும்.

இன்னொன்று. பிரேக் சத்தத்துக்கோ அம்புலன்ஸ் சத்தத்துக்கோ திடுக்கிட்டு எழும்புவது, நித்திரை இல்லாமல் போவது, முள்ளிவாய்க்காலில் பார்த்தவை விபத்துக்குப் பிறகு திரும்பவும் கண்முன் வருவது, இவையெல்லாம் விபத்தில் தப்பியவர்களுக்கு நடக்கக்கூடியவை. எல்லாவற்றையும் தாங்கினனாங்கள் இதென்ன என்று மூடி வைக்காமல், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சொல்லுங்கள். 1926 என்ற இலக்கத்திலும் பேசலாம். அங்கு தரப்படும் கிளினிக் கொப்பியும் அந்தக் கோப்புக்குள் போகட்டும்.