உப்பு மிகுந்துவிட்டால்...

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் பெரியோர். உப்பு மிகுந்த பண்டமும் அங்கேதான் போய்ச் சேர வேண்டுமா? ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும் அவசரத்தில், மருமகள் உப்பிட்ட குழம்பிலே, அதனை அறியாத மாமியாரும் உப்பிட்டுவிடுவதுண்டு. முதற் கவளத்திலேயே முகங்கள் மாறுகின்றன. உணவு வீணாவதுடன் இல்லத்தின் அமைதியும் குலைகிறது. இரண்டையும் காக்க வழியுண்டு.

முதலில் ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். குழம்பில் கரைந்த உப்பை நம்மால் திரும்ப எடுக்க இயலாது. உருளைக்கிழங்கை இட்டால் அது உப்பை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும் எனப் பலர் நம்புகின்றனர். கிழங்கு உறிஞ்சுவது உப்பு நீரையே; எஞ்சிய குழம்பின் கரிப்பு அதனால் குறைவதில்லை. ஆயினும் உப்பிடாத கிழங்கைச் சேர்த்து உண்ணும்போது உணவின் அளவு கூடுவதால், ஒவ்வொருவர் பங்கிலும் உப்பு குறைகிறது. ஆகவே, உணவின் அளவைப் பெருக்கி உப்பைப் பரவச் செய்வதே வழி.

சாம்பாராயின், உப்பிடாது வேகவைத்த பருப்பையும் வெந்நீரையும் சேர்த்து ஒரு கொதி விடுக. ரசத்திற்குப் பருப்பு நீரும் தக்காளியும் உதவும். மீன் குழம்பிற்கும் இறைச்சிக் குழம்பிற்கும் தேங்காய்ப்பால் ஏற்றது. பொரியலில் தேங்காய்த் துருவலையோ, உப்பிடாமல் வதக்கிய அதே காயையோ கலக்கலாம். பச்சடிக்குத் தயிர் போதும். அளவு மிகுந்துவிட்டால் அண்டை வீட்டாருக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கலாமே! கருவாடு மட்டும் விதிவிலக்கு. சமைக்குமுன் அதனை நீரில் ஊறவைத்து, அந்நீரை ஓரிரு முறை மாற்றினால், உப்பு நீரோடு வெளியேறிவிடும்.

சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, புளி ஆகியவை கரிப்பை நாவுக்கு மறைக்குமேயன்றி, உப்பைக் குறைப்பதில்லை. இரத்த அழுத்தமுள்ள முதியோர் இருக்கும் வீட்டில் இதை மறத்தலாகாது. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் உப்பு, எல்லா உணவிலுமாகச் சேர்த்து, 5 கிராமுக்கும் குறைவாக இருத்தல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அஃது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவே. சரிசெய்ய இயலாத குழம்பை அவர்களுக்குப் பரிமாறாமல், அன்று மோர்ச்சோறு அளிப்பதே நன்று.

வருமுன் காப்பது இதனினும் எளிது. குழம்பு வற்றுகையில் நீர் ஆவியாகிறது. உப்போ அப்படியே தங்கிவிடுகிறது. எனவே பாதி உப்பை முதலில் இட்டு, வற்றியபின் சுவைத்து எஞ்சியதைச் சேர்க்கவும். கல்லுப்பு இடைவெளி விட்டுக் கிடப்பதால், அதே கரண்டியளவு தூளுப்பில் உப்பு மிகுதி. வழக்கமாகக் கல்லுப்பு இடுவோர் தூளுப்பிற்கு மாறும்போது அளவைக் குறைத்தல் வேண்டும். யாவற்றினும் மேலாக, உப்பிடும் பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும்.

1969-ஆம் ஆண்டில் சடங்குமுறை திருத்தப்படும் வரை, இலத்தீன் வழிபாட்டில் ஞானஸ்நானம் பெறும் குழந்தையின் நாவில், ஞானத்தின் அடையாளமாகச் சிறிது உப்பு இடப்பட்டது. நம் பேச்சுக்கும் உப்பின் சுவை வேண்டுமென்று புனித பவுல் கொலோசையருக்கு நினைவூட்டுகிறார் (4:6). உணவு மேசையில் அச்சுவை தவறாதிருக்கட்டும். யார் இட்ட உப்பு என்று வினவுவதற்கு முன், அடுப்பில் வெந்நீரை வைப்போம்.